கழல மறுக்கும் காலிப்பர் போல்ட்

காரில் பிரேக் பேடு மாற்றும்போது பாதி நேரத்தைத் தின்பது, பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் பின்புறத்தில், கை எட்டியும் எட்டாமலும் உட்கார்ந்திருக்கும் இரண்டு போல்ட்டுகள்தான். முழு பலத்தையும் கொடுத்தாலும் அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தலை வழுக்கிப் போவதும், கழுத்தோடு முறிவதும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. போல்ட்டைப் பிடித்து வைத்திருப்பது எது என்று தெரிந்துகொண்டு கை வைத்தால், அதே பலம் வேறு மாதிரி வேலை செய்யும்.

முதலில், எந்த போல்ட் என்று பார்க்க வேண்டும். காலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் ஸ்லைடு பின்களைப் பிடிக்கும் போல்ட்டுகள் சிறியவை. பல கார்களில் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில்தான் அவற்றை முடுக்குவார்கள். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை, சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகமான நக்கிளோடு இணைப்பவை பெரியவை. அவற்றுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருப்பது வழக்கம். பிடிவாதம் பிடிப்பவை பெரும்பாலும் இந்தப் பெரிய போல்ட்டுகளே.

முடுக்கிய போல்ட் என்பது மிக விறைப்பான ஒரு ஸ்பிரிங். முடுக்க முடுக்க அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப அது இழுக்கும் இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து இறுக்குகிறது. இதில் வியப்பான கணக்கு ஒன்று உண்டு. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி, போல்ட் தலைக்கு அடியில் உள்ள உராய்விலேயே போய்விடுகிறது. 40 சதவீதம் மரைகளின் உராய்வில் போகிறது. மீதி 10 சதவீதம்தான் போல்ட்டை நீட்டும் வேலையைச் செய்கிறது. அந்தச் சிறு பங்கும் கழற்றும்போது நம் பக்கம் சேர்ந்துகொள்ளும். மரையின் சாய்வு போல்ட்டை வெளியே தள்ளத்தான் பார்க்கும். அதனால் சுத்தமாக இருக்கும் போல்ட் முடுக்கியதைவிடச் சற்றுக் குறைந்த விசையிலேயே கழல வேண்டும். 100-இல் முடுக்கியது 200-க்கும் அசையவில்லை என்றால், நடுவில் வேறு ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது.

முன்பு வேலை பார்த்தவர் அடித்து அடித்துத் திருப்பும் இம்பேக்ட் கன் (இம்பேக்ட் ரெஞ்ச்) வைத்து அளவில்லாமல் முடுக்கியிருக்கலாம். அப்படி எல்லை மீறி நீண்ட போல்ட் நிரந்தரமாக நீண்டதுதான். அது கழன்று வந்தாலும் திரும்பப் போடக் கூடாது.

மரையில் ஒட்டுப் பசை இருக்கலாம். பல உற்பத்தியாளர்கள் இந்த போல்ட்டுகளில் திரெட் லாக்கர் பூசியே அனுப்புகிறார்கள். காற்று படாத இடத்தில், உலோகத்தைத் தொட்டபடி இருந்தால் இறுகும் பசை அது. அதன் வலுவான வகை சுமார் 250 டிகிரி செல்சியஸில்தான் இளகும். போல்ட் அசைந்த பிறகும் சுற்றுக்குச் சுற்று ஒரே சீராக இறுக்கம் தெரிந்தால், பசை என்று சந்தேகிக்கலாம்.

ஆனால் பெரிய எதிரி துரு. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு பல மடங்கு பெருகும். மரைகளுக்கு இடையே இருப்பதோ மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னம். அந்த இடுக்குக்குள் பெருகும் துரு, போல்ட்டை உள்ளிருந்தே ஆப்பு வைத்துப் பிடித்துக்கொள்கிறது. சக்கரத்தின் பக்கத்தில் மழைநீருக்கும் சேற்றுக்கும் குறைவில்லை. போதாக்குறைக்கு வெப்பம்: 1500 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 5.8 லட்சம் ஜூல் ஆற்றல், பெரும்பகுதி பிரேக்குகளில் வெப்பமாக மாறுகிறது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, இடுக்குக்குள் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். நக்கிள் அலுமினியமாகவும் போல்ட் எஃகாகவும் இருந்தால் இரண்டுக்கும் இடையே மின்வேதி அரிப்பும் சேர்ந்துகொள்ளும்.

சரி, கழற்றுவோம். அதற்கு முன் ஒன்று: திசை. இந்த போல்ட்டுகளின் தலை காரின் உள்பக்கத்தைப் பார்த்திருக்கும். நாமோ வெளியே உட்கார்ந்து கையை உள்ளே விட்டுத் திருப்புகிறோம். நம் பக்கத்திலிருந்து பார்த்தால் இடம் வலம் மாறிவிடும். மணிக்கணக்காகப் போராடி, கழற்றுவதாக நினைத்து மேலும் முடுக்கி வைத்தவர்கள் நிறையப் பேர். போல்ட் தலைக்கு நேரே கண்ணை வைத்துப் பார்ப்பதாகக் கற்பனை செய்து, இடஞ்சுழியாகத் திருப்புங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்தால் முன்சக்கர போல்ட்டுகள் வெளியே தெரியும்.

கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு, துரு நீக்கும் எண்ணெயை விடுங்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, நுண்ணிய இடுக்குகளில் அது தானாக ஊர்ந்து போகும். அதற்கு நேரம் வேண்டும். ஒரு இரவு ஊறினால் நல்லது. போல்ட்டின் முனை மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கேயும் விட வேண்டும், மரை அங்கேதான் தொடங்குகிறது. டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது.

ஆறு முனை சாக்கெட்டையே பயன்படுத்துங்கள். அது போல்ட் தலையின் தட்டையான பக்கங்களில் அழுத்தும். பன்னிரண்டு முனை சாக்கெட் மூலைகளின் அருகே அழுத்தி வழுக்கிவிடும். கைப்பிடியின் நீளமும் முக்கியம். 25 சென்டிமீட்டர் கைப்பிடியில் 40 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் 100 நியூட்டன் மீட்டர்தான் கிடைக்கும். அதே அழுத்தம், பிரேக்கர் பார் எனப்படும் 60 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியில் 240 ஆகிவிடும். இவ்வளவு விசை காரையே ஸ்டாண்டிலிருந்து தள்ளக்கூடும். ஜாக்கியை மட்டும் நம்பி இதைச் செய்யவே கூடாது.

ஓய்வில் இருக்கும் பரப்புகளை அசைக்கத் தேவைப்படும் விசை, நகரும் பரப்புகளை நகர்த்தத் தேவைப்படுவதைவிட அதிகம். அதனால் முதல் அசைவுதான் எல்லாமே. சுத்தியலால் தலையில் நான்கு தட்டு தட்டுவதும், முதலில் ஒரு நூல் அளவு முடுக்கிப் பார்ப்பதும் துருவின் பிடியை உடைக்கத்தான். இம்பேக்ட் ரெஞ்ச் விடாமல் குட்டிக் குட்டி அடிகளாகத் தருவதும் இதே வேலைக்குத்தான்.

கையில் உணர்வதை கவனியுங்கள். 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தால் நல்ல செய்தி. சத்தமே இல்லாமல் மெத்தென்று திரும்பினால், போல்ட் முறுக்கிக்கொண்டு உடையப் போகிறது, உடனே நிறுத்துங்கள். கழன்று வரும்போது கிறீச்சிட்டு இறுகினால், திரும்ப உள்ளே முடுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே எடுங்கள். இப்படி முன்னும் பின்னும் கொண்டுபோனால் துருத்தூள் மரையில் சிக்காது. ஸ்லைடு பின் போல்ட் என்றால் அந்த ஸ்லைடு பின்னும் கூடவே சுற்றக்கூடும். மெல்லிய ஸ்பேனரால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எதுவும் பலிக்காவிட்டால் சூடு. 200 டிகிரி கூடினால் 12 மில்லிமீட்டர் எஃகு போல்ட் 0.03 மில்லிமீட்டர் விரியும். அதே அளவுள்ள அலுமினியத் துளை 0.055 மில்லிமீட்டர் விரியும். அந்த வித்தியாசம் போதும். நக்கிளும் இரும்பு என்றால் விரிவு ஏறக்குறைய சமம். போல்ட்டைச் சுற்றியுள்ள பகுதியை அதைவிட வேகமாகச் சூடேற்ற வேண்டும். ஆனால் பக்கத்திலேயே ரப்பர் உறைகளும் ஏபிஎஸ் சென்சார் வயரும் பிரேக் ஹோஸும் இருக்கின்றன. புதிய டாட் 3 பிரேக் திரவமே 205 டிகிரி அளவில் கொதித்துவிடலாம். ஊற்றிய எண்ணெயும் தீப்பிடிக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீச்சுடரைக் காட்டினால் நச்சுவாயு உண்டாகும். பழக்கமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே சரி.

திரும்பப் பூட்டும்போது மரையை நன்றாகத் துடைத்து, அந்தக் காருக்குச் சொல்லப்பட்ட அளவில் முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முடுக்குங்கள். அடுத்த முறை சுலபமாகக் கழலட்டும் என்று கிரீஸ் தடவத் தோன்றும். உற்பத்தியாளர் சொல்லாத இடத்தில் அது வேண்டாம். உராய்வு குறைந்தால், அதே முறுக்கு அளவில் போல்ட் கூடுதலாக நீண்டுவிடும்.