மேடைத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு: முதலில் கரண்டைப் படியுங்கள்

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணை, சவுண்ட்ஸ் பழகோணும், உங்கட செட்டோட என்னையும் சேருங்கோ." அடுத்த கேள்வி, என்ன மிக்சர் (மைக், வாத்தியச் சத்தங்களைக் கலந்து கொடுக்கும் கருவி) வைத்திருக்கிறீர்கள் என்பது. நான் திருப்பி ஒன்றைக் கேட்பேன்: மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் கழன்றால் என்ன நடக்கும்? "அது வயரிங்காரற்ற வேலைதானே அண்ணை" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். திருகோணமலையில் கோயில் வீதியிலும் நிலாவெளி ஹோட்டல் முற்றத்திலும் வேலை செய்கிற எங்களுக்கு வயரிங்காரர் என்று தனியாக ஒருவர் வருவதில்லை. லொறியை விட்டு இறங்குகிற நாங்கள்தான் அவரும்.

அந்தக் கேள்விக்கு விடை இது. பேஸ் என்பது கரண்ட் வரும் வயர், நியூட்ரல் அது திரும்பிப் போகும் பொது வயர். எங்கள் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். இரண்டு பேஸுக்கு இடையில் அளந்தால் 400. நியூட்ரல் இறுக்கமாக இருக்கும்வரை ஒவ்வொரு பக்கமும் தன் 230ஓடு இருக்கும். அது கழன்றதும் இரண்டு பேஸில் மாட்டிய பொருட்களும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அந்த 400க்குள் மாட்டிக்கொள்ளும். ஒரு பேஸில் பத்துப் பெரிய லைட், மற்றதில் மிக்சரும் இரண்டு வயர்லெஸ் மைக்கும் மட்டும் என்றால், சுமை குறைந்த பக்கத்துக்கு வோல்டேஜ் எகிறும். லைட்டுகள் மங்கும், மிக்சர் புகையும். மிகவும் விலைகூடிய பொருளைத்தான் நாங்கள் வழக்கமாகச் சுமை குறைந்த பக்கத்தில் மாட்டுவோம். இதற்காகத்தான் எங்கள் லொறியில் இருந்து முதலில் இறங்குவது மீற்றர். பேஸுக்கும் நியூட்ரலுக்கும், நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் (நிலத்தோடு சேர்க்கும் பாதுகாப்பு வயர்) அளந்து, தாளில் எழுதிய பிறகுதான் ஸ்பீக்கரில் கை வைப்போம்.

பொருள் எரிந்தால் காசோடு போய்விடும். ஆளுக்கு அடித்தால்? கோயிலுக்குள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறோம். அபிஷேகம் முடிந்து கழுவிவிட்ட கருங்கல் தரை, வெறுங்கால், கையில் உலோக மைக். இதைவிடக் கரண்டுக்கு வசதியான இடம் கிடையாது. பாடகர் கையிலுள்ள கிற்றார் ஒரு பிளக்கில் இருந்தும், வாய்க்கு முன்னால் உள்ள மைக் வேறொரு பக்கத்துப் பிளக்கில் இருந்தும் வந்தால், இரண்டின் ஏர்த்துக்கும் இடையில் வித்தியாசம் இருக்கலாம். உதடு மைக்கைத் தொட்டதும் சுரீர் என்று இழுக்கும். பார்ப்பவர்கள் பாடகர் மைக்கைத் தள்ளிப் பிடிக்கிறார் என்று நினைப்பார்கள். மேடையில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் இருந்து கரண்ட் எடுப்பதும், அதற்கு முன்னால் 30 மில்லியம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாக அணைக்கும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றைப் போடுவதும் என் செட்டில் பேச்சுக்கு இடமில்லாத விதி.

ஜெனரேட்டர் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. அதன் நியூட்ரலையும் ஏர்த்தையும் முறைப்படி சேர்க்காமல் விட்டால் ட்ரிப் சுவிட்ச் பேருக்குத்தான் நிற்கும். கடற்கரையில் காய்ந்த மணலில் ஏர்த் கோலைக் குத்திவிட்டு ஏர்த் போட்டாயிற்று என்று சொல்லுகிற ஆட்களும் இருக்கிறார்கள். ஈரம் தட்டும் ஆழம்வரை கோல் போகவேண்டும், பிறகு அளந்தும் பார்க்கவேண்டும்.

ஆகவே என் புத்திமதி, மிக்சர் வகுப்பைத் தேடுவதற்கு முன்னால் மின்னிணைப்பு வேலையைப் படித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். திருகோணமலையிலேயே தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தேசிய தொழிற்தகைமையில் மூன்றாம், நான்காம் மட்டம் எடுத்தவருக்கு இந்தத் துறை கைவிட்டாலும் சோறு இருக்கிறது. பெற்றோரைச் சம்மதிக்க வைக்கவும் அந்தத் தாள் உதவும். ஏற்கெனவே பல வருடம் செட்டோடு திரிந்து கையால் பழகியவர்கள் திரும்பவும் வகுப்பில் குந்தத் தேவையில்லை. முன்னர் கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருகிற முறையும் அதே திட்டத்தில் இருக்கிறது. கட்டாருக்கோ துபாய்க்கோ மேடை வேலைக்குப் போக விரும்புகிறவர்களிடம் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

சவுண்ட் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இப்போதைய டிஜிட்டல் மிக்சர்கள் பலவற்றின் எடிட்டர் மென்பொருள் இலவசம், கணினியில் போட்டு வீட்டிலேயே விளையாடிப் பழகலாம். ஆனால் வீட்டில் பழக முடியாத ஒன்று கோயில் வீதி. 30 பாகை வெப்பத்தில் சத்தம் விநாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். 35 மீற்றர் தள்ளி அடுத்த ஸ்பீக்கரை வைத்தால், அங்கே நிற்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் முதலிலும் மேடைச் சத்தம் 100 மில்லிசெக்கன் பிந்தியும் கேட்கும். பிரசங்கியார் பேசுவது அரைவாசிப் பேருக்கு விளங்காமல் போவது இதனால்தான். உடனே எல்லோரும் சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள், கூட்டினால் இன்னும் விளங்காது. பின் ஸ்பீக்கருக்கு அந்த 100 மில்லிசெக்கனைத் தாமதமாகக் கொடுத்தால் போதும். நாதஸ்வரமும் தவிலும் வந்தால் மைக்கைக் கிட்டக் கொண்டுபோகவே வேண்டாம். அவர்களுக்கு மைக் கொடுப்பது மரியாதைக்கு.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 100 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது தொழில் சுகாதாரத்தில் பரவலாக எடுத்துக்கொள்ளும் அளவு. நாங்கள் ஒரு திருவிழாவில் இரவு முழுக்க நிற்கிறோம். பஞ்சு அடைப்பது வேலைக்கு ஆகாது, சரியான காதடைப்பான் வாங்குங்கள்.

அனுமதி விடயம் பலருக்குத் தெரியாமலே தொழில் ஓடுகிறது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். 2007 இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணிவரை அனுமதி கொடுக்கக் கூடாது என்று கட்டளையிட்டது, விசேட நிகழ்வுகளுக்கு மட்டும் நிபந்தனையோடு தளர்வு. அனுமதி ஏற்பாட்டாளரின் பெயரில் இருக்கும், பொலிசார் வந்து தூக்குவதோ எங்களுடைய மிக்சரை. ஆகவே அட்வான்ஸ் வாங்கும்போதே அனுமதிக் கடிதத்தின் பிரதியையும் கேளுங்கள். "அதெல்லாம் கதைச்சாச்சு தம்பி" என்ற பதிலை நான் ஏற்பதில்லை.

காற்று எங்கள் ஊரின் தனிக்கதை. மே மாதத்தில் இருந்து செப்டெம்பர்வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வருகிற காலம், கோயில் திருவிழாக்களும் மும்முரம், கச்சான் காற்றும் அப்போதுதான். எல்.ஈ.டி திரை ஒன்று ட்ரஸ்ஸில் (மேடையின் உலோகச் சட்டம்) ஏறியதும் அது ஒரு பாய்மரம். 2011 ஓகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில் புயற்காற்று வீசியபோது மேடைக் கூரை சரிந்து 7 பேர் இறந்தார்கள். எங்கள் மேடைகள் அவ்வளவு பெரிதில்லை என்பது சமாதானம் ஆகாது, எங்கள் ட்ரஸ்ஸைக் கட்டுகிற கம்பியும் அவ்வளவு பெரிதில்லை. காற்றின் வேகம் அளக்கும் சின்னக் கருவி கையடக்கத்தில் கிடைக்கிறது. எந்த வேகத்தில் திரையை இறக்குவது, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதைக் காலையிலேயே ஏற்பாட்டாளரோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி சூடு பிடித்த பிறகு யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். சனம் கூடுகிற நிகழ்ச்சிகளுக்கும் இதே பேச்சுத்தான். 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த இசை நிகழ்ச்சியில் தடுப்புகளைத் தாண்டிச் சனம் முன்னுக்கு வந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மேடைக்காரர்களுக்குத் தடுப்பு வேலி எங்கே என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மிக்சரில் குந்துவது மட்டும்தான் தொழில் என்று நினைக்கவேண்டாம். இன்றைக்கு எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது நேரலை. சாமத்திய வீடானாலும் கொடியேற்றமானாலும் கனடாவிலும் லண்டனிலும் உறவுகள் விழித்திருக்கும். நல்ல 1080p படத்துக்கு மேலே அனுப்பும் வேகம் விநாடிக்கு 5, 6 மெகாபிட் தடையில்லாமல் வேண்டும். தேர் அன்று வீதியில் நிற்கும் அத்தனை பேரின் போனும் ஒரே கோபுரத்தில் தொங்கும்போது சிம் டொங்கிளை நம்பினால் தேர் இருப்பிடத்துக்கு வரும் நேரம் படம் நின்றுவிடும். முதல் நாளே பக்கத்து வீட்டு ஃபைபர் இணைப்புக்குக் கேட்டு வைத்து, வயர் இழுப்பதுதான் வழி. மேடை முகாமை, நிகழ்ச்சி ஒருங்கிணைப்பு என்று வந்தால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் தொடர்பாடல் படித்த பெண் பிள்ளைகள் எங்களைவிடத் திறமாகச் செய்கிறார்கள். நேரத்தைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிகிறது, பிரமுகரின் பேச்சை நிறுத்தச் சொல்லிச் சீட்டு நீட்டுகிற துணிச்சலும் இருக்கிறது. இரவு வேலை முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் வாகனத்தைச் சம்பளத்தோடு சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். இந்த ஊரில் தமிழோடு சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் இல்லாமல் ஹோட்டல் வேலையும் கொழும்புக் குழுக்களின் வேலையும் கிடைக்காது.

சம்பளம் பற்றி நேரே சொல்கிறேன். நாட்கூலிக்குச் சேர்ப்பவர்கள் பலர் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி வாயே திறப்பதில்லை. நாட்கூலி, தற்காலிகம் என்றாலும் அது உங்களுக்கு உரியதுதான்: உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், அதற்குமேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் 3 வீதம். நாலு இடத்தில் தனியாக வேலை செய்பவர் என்றால் இந்தப் பாதுகாப்பு இல்லை, உங்கள் விலையில் அதையும் சேர்த்துக் கேளுங்கள். ஐப்பசி பிறந்து வாடைக் காற்றோடு மழை தொடங்கினால் தைப்பொங்கல்வரை வெளி மேடை மிகவும் குறைவு, மார்கழியில் கலியாணமும் இல்லை. பாடசாலைப் பரிசளிப்பு விழாவும் மண்டப நிகழ்ச்சியும்தான் அப்போதைய வருமானம். சீசனில் வருகிற காசை எல்லாம் சீசனிலேயே முடிக்கிறவர் ஜனவரியில் ஸ்பீக்கரை விற்கப் பார்ப்பார்.

என்னிடம் வேலை கேட்டு வருகிறவர்கள் எல்லாம் மே மாதம் வருகிறார்கள். அப்போது சொல்லித்தர எனக்கு நேரம் கிடையாது, வந்தவர் பெட்டி தூக்கியே களைத்துப் போவார். கார்த்திகையில் வாருங்கள். கடற்காற்றின் உப்பு ஏறி பச்சை பிடித்த பிளக்குகளை அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, அறுந்த மைக் வயர்களுக்கு ஈயம் வைத்து, ஸ்பீக்கர் பெட்டிகளைத் திறந்து பார்ப்போம். மூடின சப்பாத்தும் ஒரு மீற்றரும் கொண்டு வந்தால் போதும். தேநீர் நான் தருவேன்.