கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்: பவர் மட்டும் சரியாக இருந்தால் போதாது

கண்புரை ஆபரேஷனில் உள்ளே வைக்கிற செயற்கை லென்ஸுக்கு எல்லோரும் கேட்பது பவர் எவ்வளவு என்பதைத்தான். பவர் சரியாக இருந்தும் பிம்பம் மங்கலாக விழ வாய்ப்பு உண்டு, அதனால் பிம்பத்தின் தரத்தையும் தனியாக அளந்து காட்ட வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 11979-2 என்ற சர்வதேச தர விதி.

அளப்பது இப்படி. லென்ஸை உப்புநீர் நிரம்பிய ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியில் வைப்பார்கள், ஏனென்றால் கண்ணுக்குள்ளும் அது திரவத்தில்தான் இருக்கப்போகிறது; காற்றில் வைத்தால் அதே லென்ஸ், அது செய்யப்பட்ட பொருளைப் பொறுத்து, இரண்டரை மடங்கோ அதற்கும் மேலோ பவர் காட்டும். முன்னால் கருவிழியின் வேலையைச் செய்ய இன்னொரு லென்ஸ். 546 நானோமீட்டர் பச்சை ஒளியை 3 மில்லிமீட்டர் திறப்பு வழியாக அனுப்பி, மில்லிமீட்டருக்கு 100 ஜோடி கருப்பு வெள்ளைக் கோடுகள் என்ற அளவு நுணுக்கத்தில் கான்ட்ராஸ்ட் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். இதற்கு எம்.டி.எஃப் என்று பெயர்; கான்ட்ராஸ்ட் முழுசாக மிஞ்சினால் 1, எதுவும் மிஞ்சாவிட்டால் 0. சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸ் என்றால் குறைந்தது 0.43 வர வேண்டும். வராவிட்டால், அந்த வடிவமைப்பில் கணக்குப்படி கிடைக்கக்கூடியதில் 70 சதவீதமாவது தர வேண்டும், அப்போதும் 0.28-க்குக் கீழே போகவே கூடாது. ஏன் 100? 6/6 பார்வை உள்ள கண் பிரித்தறியும் நுணுக்கம் கிட்டத்தட்ட அதுதான்.

பவருக்கும் விதி கொஞ்சம் இடம் கொடுக்கிறது, 15-க்கு மேல் 25 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) வரை ±0.4. அதாவது 20 என்று எழுதியிருப்பது 19.6 ஆகவும் இருக்கலாம்.

சரி, பாஸான லென்ஸ் என்றால் எல்லா நேரமும் நன்றாகத் தெரியுமா? அப்படிச் சொல்ல முடியாது. இது குறைந்தபட்சத் தகுதி, அவ்வளவுதான். இருட்டில் கண்மணி 3 மில்லிமீட்டரைத் தாண்டி விரியும், அப்போது லென்ஸின் ஓரப்பகுதியும் பிம்பத்தில் சேரும். உள்ளே லென்ஸ் கொஞ்சம் நகர்ந்தோ சாய்ந்தோ இருந்தாலும் பிம்பம் கெடும். மல்டிஃபோகல் லென்ஸுக்கு இந்த 0.43 அப்படியே பொருந்தாது. வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுவதால் ஒவ்வொன்றிலும் கான்ட்ராஸ்ட் குறையத்தான் செய்யும், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் இதனால்தான். இரவில் நிறைய வண்டி ஓட்டுகிறவர்கள் லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன்பே டாக்டரிடம் இதை வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம், லென்ஸ் பெட்டியோடு மாடல், பவர், சீரியல் எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வரும். ஒன்றை உங்கள் ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், அடுத்த கண்ணுக்கு லென்ஸ் முடிவு செய்யும்போது அந்த விவரம் தேவைப்படும்.