விரதம் முடிந்த பிறகும் சாப்பிடாத பிள்ளை

புரட்டாசி முடிந்ததும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ் வீடுகளில் மறுபடி கறி மணக்கும். காவடி இறக்கியதும் பத்து நாள் விரதம் முடியும். எல்லோரும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிட, ஒரு பிள்ளை மட்டும் "எனக்குப் போதும்" என்று தட்டைத் தள்ளினால், வீட்டார் பக்தி என்று பெருமைப்படுகிறார்கள். உணவுக் கோளாறு, அதாவது சாப்பாட்டையும் எடையையும் பற்றிய மனநோய், பல வீடுகளில் இப்படித்தான் கண்ணில் படாமல் வளர்கிறது.

விரதம் பெரும்பாலோருக்கு ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் நோய்க்கு வாகான உடம்பில் எடை இறங்குவதே தூண்டுதலாகிவிடும். அந்த வாகில் ஒரு பெரும் பங்கு பிறவியிலேயே வருவது. எடை கூடும் அச்சத்தில் உணவை ஒதுக்கும் அனொரெக்சியா நோயில் ஏறக்குறைய பாதிப் பங்கு மரபுவழி என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. 2019இல் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வு, மனநலத்தோடு வளர்சிதை மாற்றத்துக்கும் (உடல் உணவைச் சக்தியாக்கும் முறைக்கும்) இதில் தொடர்பு உண்டு என்றது. ஆகவே "தாய் வளர்த்த லட்சணம்" என்று பழி போடுவது தவறு. அந்தப் பேச்சுக்குப் பயந்தே பல அம்மாக்கள் மருத்துவரிடம் வரத் தயங்குகிறார்கள்.

பட்டினி மூளையை என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45இல் பார்த்தார்கள். ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு 24 வாரம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடுதான். எந்நேரமும் உணவு நினைப்பு, சமையல் குறிப்பு சேர்ப்பது, ஒரு தட்டை மணிக்கணக்கில் பிசைந்து உண்பது, எரிச்சல், ஒதுங்கல் எல்லாம் வந்தன. சிலர் கட்டுப்பாடிழந்து வாரி விழுங்கினார்கள். அவர்களுக்கு முன்பு இந்த நோய் கிடையாது. பிள்ளையின் பிடிவாதம் என்று நாம் திட்டுவதில் பாதி, பட்டினியின் வேலை.

தூண்டும் மற்ற காரணங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. கல்யாண வீட்டில் "என்னம்மா, உடம்பு போட்டுட்டே!" என்ற ஒரு சொல். மெட்ரிக் டான்ஸ் (பள்ளி இறுதியாண்டு நடன விருந்து) உடைக்காக ஒரு மாதம் டயட். ஜிம்மே கதியான பையன்கள். பையனுக்கு இது வராது என்று நினைப்பதால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. சர்க்கரை நோய் மிகுந்த நம் குடும்பங்களில் சோற்றைக் கண்டாலே அச்சம். டைப் 1 சர்க்கரை நோய் (இன்சுலின் ஊசி இல்லாமல் முடியாத வகை) உள்ள பிள்ளை எடைக்குப் பயந்து இன்சுலினைக் குறைப்பதும் உண்டு; காரணம் தெரியாமல் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அளவு) ஏறிக்கொண்டே போனால் அதட்டாமல் கேளுங்கள்.

இந்த நோயில் சிலர் சாப்பிட்டதைத் தாங்களே வாந்தி எடுப்பார்கள்; அவர்கள் மெலிந்திருக்க வேண்டியதில்லை. காதுக்குக் கீழே கன்னம் வீங்கியிருக்கலாம், விரல் முட்டியில் தழும்பு இருக்கலாம், முன்பற்களின் உட்புறம் தேய்ந்திருக்கலாம். வாந்தி எடுத்த உடனே பல் துலக்கினால் அமிலத்தில் இளகிய எனாமல் இன்னும் தேயும். தண்ணீரால் கொப்பளித்தால் போதும்.

மாதவிலக்கு நின்றாலோ, எழுந்ததும் தலை சுற்றினாலோ காத்திருக்க வேண்டாம். படுத்தும் நின்றும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும், ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் ஆகிய உப்புகளையும், இசிஜியையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த முடிவு சரியாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்றாகாது. பொட்டாசியம் சரிந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். மயக்கமோ படபடப்போ வந்தால் அன்றே மருத்துவமனை.

பல நாள் ஏறக்குறைய ஒன்றுமே உண்ணாதவருக்குப் பாசத்தில் ஒரேயடியாகச் சோறும் இனிப்பும் ஊட்டிவிடாதீர்கள். மாவுச்சத்து திடீரென உள்ளே போனால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அளவை மருத்துவர் சொல்ல, ரத்தப் பரிசோதனையோடு ஏற்ற வேண்டும்.