மருந்து சுமக்கும் ரப்பர் பட்டை

பயோமெடிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "உடலுக்குள் மருந்து கொண்டுபோகும் மென்ரோபோக்கள் (ரப்பர் போன்ற மெத்தென்ற பொருளால் ஆன ரோபோக்கள்) பற்றிப் படித்தேன். எங்கள் மாதிரி சிறிய கல்லூரியில் இருந்துகொண்டு அதில் ஆராய்ச்சி செய்ய முடியுமா?"

முடியும். ஏன் முடியும் என்பது அந்த ரோபோ வேலை செய்யும் விதத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

விழுங்கிய மாத்திரை இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. நோயுள்ள இடத்துக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். மருந்தை அந்த இடத்திலேயே இறக்கிவிட்டால் குறைந்த அளவே போதும், பக்கவிளைவும் குறையும். அதற்கு உள்ளே நகரும் ஒன்று வேண்டும். குடல் சுவரைக் கீறாத அளவுக்கு அது மெத்தென்று இருக்க வேண்டும். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் அதில் இடம் கிடையாது.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மெடின் சிட்டியின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. 2018-இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியானது. சிலிக்கோன் ரப்பரில் நியோடிமியம் காந்தப் பொடியைக் கலந்து செய்த, 4 மில்லிமீட்டர்கூட நீளமில்லாத ஒரு பட்டை. அவ்வளவுதான் ரோபோ.

சூட்சுமம் அதைக் காந்தமாக்கிய விதத்தில் இருக்கிறது. பட்டையை ஒரு மெல்லிய குச்சியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, அப்படியே 1 டெஸ்லாவுக்கு (டெஸ்லா என்பது காந்தப் புல வலுவின் அலகு) மேற்பட்ட வலுவான காந்தப் புலத்தில் வைத்தார்கள். பொடியின் துகள்கள் எல்லாம் ஒரே திசையில் காந்தமேறின. இப்போது பட்டையைப் பிரித்தால் என்ன ஆகும்? சுருட்டிய பாயில் சுற்றிலும் வடக்கு நோக்கிக் குச்சிகளைச் செருகிவிட்டுப் பாயை விரிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நேராக மேலே நிற்கும், அடுத்தது சாய்ந்திருக்கும், அதற்கடுத்தது படுத்திருக்கும், இன்னொன்று தரையைக் குத்தும். பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் காந்தத் திசை முழுதாக 360 பாகை சுழன்றுவிடுகிறது.

இனி வெளியிலிருந்து சில மில்லிடெஸ்லா (டெஸ்லாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) புலம் கொடுத்தால் போதும். ஒவ்வொரு துகளும் அந்தத் திசைக்குத் திரும்பப் பார்க்கும். ரப்பருக்குள் சிக்கியிருப்பதால் தனியாகத் திரும்ப முடியாது. ரப்பரையும் சேர்த்து இழுக்கும். பக்கத்துத் துகள் வேறு அளவில் இழுக்கும். விளைவு, பட்டை வளைகிறது. புலத்தைக் கூட்டினால் வளைவு கூடும். புலத்தின் திசையை மாற்றினால் வளைவின் வடிவமே மாறும். பலவீனமான புலத்தைச் சுழற்றினால் பட்டையில் அலை ஓடி ஊர்கிறது. வலுவான புலத்தைச் சுழற்றினால் வளையமாகச் சுருண்டு உருள்கிறது. திசையைச் சட்டென்று மாற்றினால் குதிக்கிறது. நீந்தும், நடக்கும், சிறு பொருளைப் பிடித்துக் கொண்டுபோய் வேறிடத்தில் இறக்கும். இத்தனை நடையும் அந்த ஒரு சுற்றிலிருந்து வருகின்றன! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

 ஆனால் இந்தப் பட்டையை அசைக்கப் பக்கத்தில் பெரிய மின்சுருள்கள் வேண்டியிருக்கிறது. சுருளை விட்டு விலக விலகப் புலம் வேகமாகக் குறையும். தொலைவு கணிசமானால் ஏறக்குறைய தொலைவின் கன மடங்கில் சரியும். மனித உடலின் ஆழத்தில் இதை ஓட்டுவதில் உள்ள முக்கியமான தடையும் இதுதான். இன்னொரு தடை, நியோடிமியம் காந்தம் உடல் திரவங்களில் துருப்பிடிப்பதுபோல் அரிபட்டுப்போகும். மேலே பாதுகாப்புப் பூச்சு வேண்டும், அல்லது வலு குறைந்தாலும் பாதுகாப்பான இரும்பு ஆக்சைடுக்கு மாற வேண்டும்.

சரி, வாசகியின் கேள்விக்கு வருவோம். ரப்பரும் பொடியும் விலைக்குக் கிடைக்கின்றன. இயற்பியல் துறையில் ஹால் விளைவு சோதனைக்கு வைத்திருக்கும் மின்காந்தத்தில் ஓரளவு காந்தமேற்றலாம். மருந்து பக்கம் இன்னும் எளிது. சோடியம் ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசைப்பொருள்) கரைசலில் இரும்பு ஆக்சைடையும் மெத்திலீன் நீலத்தையும் கலந்து கால்சியம் குளோரைடில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். உடனே மணிமணியான ஜெல் கிடைக்கும். நீலச் சாயம் மருந்துக்குப் பதிலி. இரைப்பை போல பிஹெச் (அமிலத்தன்மையின் அளவுகோல்) 1.2 உள்ள நீரில் ஆல்ஜினேட் சுருங்கும், குடல் போல 6.8-இல் ஊதும். எதில் எவ்வளவு சாயம் எத்தனை நிமிடத்தில் வெளியேறுகிறது என்பதை 37 டிகிரியில் அளந்து வரைபடம் போடுங்கள். நீரில் கலந்த சாயத்தை ஒளியைக் கொண்டு அளக்கும் நிறமாலைமானி பக்கத்து பார்மசி கல்லூரியில் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

நம் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. அதற்கு ஆகும் பணத்தில் பாதி அளவைத் துறைகளே மாணவர்களுக்கு மூலப்பொருள் வாங்கக் கொடுத்தால் மேலே சொன்ன அத்தனையும் நடக்கும்.

அப்புறம், வெளி வாய்ப்புகள். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை, சென்னை ஐஐடியின் கோடைத் திட்டம் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அம்பரீஷ் கோஷின் குழு, காந்தத்தால் சுழலும் திருகு வடிவ நானோ ரோபோக்களில் வேலை செய்கிறது. ஜெர்மனிக்குப் போக அந்நாட்டின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி தரும் உதவித்தொகைகளில் உங்கள் கல்லூரிக்குப் பொருந்துவது உண்டா என்று பாருங்கள். விண்ணப்பிக்கும் முன் அங்குள்ள ஒரு பேராசிரியரின் சம்மதத்தை நீங்களே கேட்டு வாங்கப் பாருங்கள். அவருக்கு எழுதும் மின்னஞ்சலில் மதிப்பெண்ணோடு, உங்கள் பட்டை வளையும் ஒரு காணொளியையும் அந்த வரைபடத்தையும் இணைத்து அனுப்புங்கள்.