டீக்கடைப் பாட்டைப் பிடிக்கும் இயந்திரம் கூத்துப் பாட்டைக் கோட்டை விடுவது ஏன்?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மயானக் கொள்ளை ஊர்வலத்தைச் செல்போனில் எடுத்து யூடியூபில் ஏற்றினாராம். முழுக்க முழுக்கப் பம்பையும் உடுக்கையும்தான். ஏற்றிய சில நிமிடங்களில் 'இதில் காப்புரிமை உள்ள பாடல் இருக்கிறது' என்று, ஒரு சினிமாப் பாட்டின் பெயரோடு அறிவிப்பு வந்துவிட்டது. திரும்பப் போட்டுப் பார்த்தால், ஊர்வலம் ஒரு டீக்கடையைத் தாண்டும்போது உள்ளே ஓடிக்கொண்டிருந்த பாட்டு பத்துப் பன்னிரண்டு விநாடி லேசாகக் கேட்கிறது. பம்பைச் சத்தத்துக்கு நடுவே அதைக் கண்டுபிடித்தது எப்படி என்பது முதல் கேள்வி. பெண்ணாகரம் பக்கத்துக் கூத்து ஒன்றின் வீடியோவில் தெளிவாகக் கேட்கும் பாட்டைப் பாடல் தேடும் செயலியிடம் காட்டினால் 'கிடைக்கவில்லை' என்கிறதே, அது ஏன் என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் விடை ஒன்றுதான். இயந்திரத்துக்குப் பாட்டு தெரியாது. பதிவு மட்டுமே தெரியும்.

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம், அதைச் செல்போன் மைக் விநாடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளந்து எண்ணாக்குகிறது என்பதெல்லாம் பள்ளிப் பாடம். பாட்டை அடையாளம் காண இவ்வளவு நுணுக்கம் வேண்டாம், விநாடிக்கு 8,000 அளவீடு போதும். அந்த எண்களை 1,024 கொண்ட துண்டுகளாக, ஒன்றின் பாதி அடுத்ததன் மேல் ஏறும்படி நறுக்க வேண்டும். ஒரு துண்டின் நீளம் 128 மில்லிவிநாடி. ஒவ்வொரு துண்டையும் ஃபூரியர் உருமாற்றத்துக்கு உட்படுத்தினால், 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் 512 கட்டங்களாகப் பிரிந்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு ஆற்றல் என்று தெரிந்துவிடும். கணிதவியலர்கள் ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் 1965இல் வெளியிட்ட விரைவு வழிமுறையால் சாதாரண செல்போனே இந்தக் கணக்கை நொடியில் போட்டுவிடுகிறது. துண்டுகளை வரிசையாக அடுக்கினால் ஒரு படம் கிடைக்கும். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் அதிர்வெண், ஆற்றல் கூடிய இடம் வெளிச்சமாக.

இதுவரை எல்லாரும் செய்வதுதான். அழகு இனிமேல்தான் தொடங்குகிறது.

கேட்கும் பாட்டின் பெயரைச் சொல்லும் ஷஸாம் சேவை 2002இல் பிரிட்டனில் தொடங்கியபோது செயலி கிடையாது. 2580 என்ற எண்ணுக்குப் போன் செய்து, போனைப் பாட்டுப் பக்கம் நீட்ட வேண்டும். பாட்டின் பெயர் குறுஞ்செய்தியாக வரும். அதன் வழிமுறையை உருவாக்கிய ஏவரி வாங் 2003இல் அதை ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அவர் செய்த முதல் காரியம், அந்தப் படத்தில் பெரும்பகுதியைத் தூக்கி எறிந்தது. சுற்றியுள்ள இடங்களைவிட வெளிச்சமாக இருக்கும் உச்சப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டார். மிஞ்சுவது இரவு வானத்து விண்மீன்களைப் போல ஒரு புள்ளிக்கோலம்.

உச்சங்களை மட்டும் வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒகேனக்கல் அருவிக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் புல்லாங்குழல் ஊதினால் நமக்குக் குழலோசை தனியாகக் கேட்கும். அருவியின் ஆற்றல் எல்லா அதிர்வெண்களிலும் பரவிக் கிடக்கிறது. குழலின் ஆற்றலோ சில அதிர்வெண்களில் மட்டும் குவிந்து நிற்கிறது. இரைச்சல் கூடும்போது தரை உயரும், ஆனால் மலை உச்சிகளில் பல தலைநீட்டிக்கொண்டுதான் இருக்கும். டீக்கடை ஸ்பீக்கர் மட்டமானதாக இருந்தால் உச்சத்தின் உயரம் குறையலாம். அது இருக்கும் இடம் நகராது.

ஆனால் ஒற்றைப் புள்ளியை வைத்துத் தேட முடியாது. 512 கட்டங்களில் ஒன்று என்பது எந்தப் பாட்டிலும் இருக்கும். அதனால் புள்ளிகளை இரண்டிரண்டாகக் கோக்க வேண்டும். ஓர் உச்சம் 620 ஹெர்ட்ஸில் இருக்கிறது, அடுத்து 0.45 விநாடி கழித்து 1,180 ஹெர்ட்ஸில் இன்னோர் உச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டம் சுமார் 7.8 ஹெர்ட்ஸ் அகலம், நேரத்தில் ஒரு படி, அதாவது பாதித் துண்டு, 64 மில்லிவிநாடி. ஆக இந்த ஜோடி 79, 151, 7 என்ற மூன்று எண்களாகச் சுருங்குகிறது. இடைவெளியை 64 படிகளுக்குள் வைத்துக்கொண்டாலும் 512 × 512 × 64, அதாவது சுமார் 1 கோடியே 67 லட்சம் வெவ்வேறு ஜோடிகள் இருக்க முடியும். இப்படி ஒரு ஜோடிதான் பாட்டின் கைரேகையில் ஒரு கோடு. ஒவ்வொரு புள்ளியையும் அடுத்து வரும் சில புள்ளிகளோடு கோத்து, கிடைத்த எண்களை 'இந்தப் பாட்டு, தொடக்கத்திலிருந்து இத்தனையாவது விநாடி' என்ற குறிப்போடு அட்டவணையில் போட்டு வைக்கிறார்கள். அகராதியில் சொல் தேடுவதைப் போல, எண்ணைக் கொடுத்தால் நேரே அந்தப் பக்கம்தான்.

இப்போது நம் ஊர்வல வீடியோ வருகிறது. அதன் ஜோடிகளைத் தேடினால் தற்செயலாக நூற்றுக்கணக்கான பாட்டுகளில் ஒன்றிரண்டு ஒத்துப்போகும். உண்மையான பாட்டு எது என்று கண்டுபிடிக்கும் உத்தி வெறும் கழித்தல் கணக்கு. வீடியோவின் 182ஆவது விநாடி ஜோடி பாட்டின் 71ஆவது விநாடியில் இருக்கிறது, 185 என்பது 74இல், 189 என்பது 78இல். கழித்துப் பாருங்கள், மூன்றிலும் 111. தப்பான பாட்டுகளில் வித்தியாசம் ஒருமுறை 40, ஒருமுறை 163, ஒருமுறை 9 என்று சிதறும். ஒரே வித்தியாசத்தில் ஜோடிகள் குவிந்தால் ஆள் அகப்பட்டார். வீடியோவின் 111ஆவது விநாடியில் கடைக்குள் அந்தப் பாட்டு தொடங்கியிருக்கிறது என்றுகூட இதிலிருந்து தெரிகிறது! இரைச்சல் மிகுந்த 15 விநாடிப் பதிவில் 100 ஜோடிகளுக்கு ஒன்றிரண்டு பிழைத்தாலே அடையாளம் காண முடிகிறது என்று வாங் எழுதியிருக்கிறார். பம்பை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அடிக்கும் அடிக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. அதில் பிழைக்கும் சில ஜோடிகள் போதும்.

யூடியூப் 2007இல் கொண்டுவந்த அடையாள முறையும் இதே கருத்தில்தான் நிற்கிறது. உரிமையாளர்கள் கொடுத்த மூலப் பதிவுகளின் கைரேகைகளோடு, ஏற்றப்படும் ஒவ்வொரு வீடியோவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது.

இது எங்கே தோற்கும்? வேகத்தை 5 சதவீதம் கூட்டிய ரீமிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 620 ஹெர்ட்ஸ் 651 ஆகும், 1,180 என்பது 1,239 ஆகும். 79, 151, 7 இருந்த இடத்தில் 83, 159, 7 வந்து நிற்கும். அகராதியில் வேறு பக்கம். இந்த மாற்றத்தைத் தாங்கும் முறைகளும் பின்னால் வந்துவிட்டன. கூத்துப் பாட்டின் சிக்கல் இதைவிடப் பெரியது. அதே வாத்தியார், அதே விருத்தம், அதே ராகம் என்றாலும் நேற்று இழுத்த இழுப்பை இன்று இழுப்பதில்லை. சுருதி அரை இழை ஏறும், கூட்டத்தைப் பார்த்து அடவு நீளும். 64 மில்லிவிநாடி நகர்ந்தாலே ஜோடி உடைகிறது எனும்போது, நேற்றைய கூத்தும் இன்றைய கூத்தும் இயந்திரத்துக்கு இரு வேறு ஒலிகள். முதலில், ஒப்பிட அந்தக் கூத்தின் பதிவு அட்டவணையில் இருந்தால்தானே!

முனகிக் காட்டினால் பாட்டைச் சொல்லும் வசதியைக் கூகுள் 2020இல் கொண்டுவந்தது. அது மெட்டின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடுகிறது. அதற்கும் எதிர்ப்பக்கத்தில் பதிவுகள் வேண்டும். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் 2011இல் பார்சிலோனாவில் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம், சென்னை ஐஐடியையும் சேர்த்துக்கொண்டு, கர்நாடக இசைக்கு அப்படி ஒரு பதிவுத் தொகுப்பை உருவாக்கியது. நல்ல வேலை. பம்பைக்கும் முகவீணைக்கும் அதே தரத்தில் ஒரு தொகுப்பு தமிழ்நாட்டுப் பணத்திலேயே உருவாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல மைக் நான்கும், பாட்டுக்குப் பாட்டு குறிப்பெழுதத் தெரிந்த ஓர் ஆளும் 18 நாள் பாரதக் கூத்து முழுக்க உட்கார்ந்தால் தொடங்கிவிடலாம்.

அதுவரை இத்தகைய வீடியோக்களை நாம் கண்டடைவது இரண்டு வழிகளில். ஒன்று, 'இதைப் பார்த்தவர்கள் அதையும் பார்த்தார்கள்' என்ற கணக்கு. 40 பேர் மட்டும் பார்த்த வீடியோவுக்கு இந்தக் கணக்கு வேலை செய்யாது. எனவே மிஞ்சுவது எழுத்து. கேமரா தானாக வைத்த எண் வரிசையையே தலைப்பாக விட்டால் அந்த வீடியோ கிணற்றில் போட்ட கல். 'துரியோதனன் படுகளம்' என்று நிகழ்வு, ஊர், வட்டம், மாவட்டம், ஆண்டு, குழுவின் பெயர், கருவிகள் எல்லாம் இருக்க வேண்டும். தருமபுரி, தர்மபுரி இரண்டையும் எழுதுங்கள், ஆங்கில எழுத்திலும் ஒருமுறை. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004இல்தான். அதனால் பழைய வீடியோ கேசட்டுகளை ஏற்றுபவர்கள் இரண்டு மாவட்டப் பெயரையும் போட வேண்டும். தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் எருது விடும் விழாவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து கேட்கும். மொழி அமைப்பைத் தானியங்கிக்கு விடாமல் கையால் தேர்ந்தெடுங்கள். நடிகர் பெயரை எல்லாம் குறிச்சொல்லாகத் திணிப்பது பலன் தராது. தேடி வந்தவர் ஐந்து விநாடியில் வெளியேறுவார், 'இது யாருக்கும் பிடிக்காத வீடியோ' என்று இயந்திரம் கற்றுக்கொள்ளும். நல்ல நேரம் பார்த்து ஏற்றினால் பரவும் என்பதும் நம்பிக்கைதான். சர்வருக்கு ராகுகாலம் கிடையாது.

பதிவுசெய்யும்போது பம்பைக்கு ஒட்டி நிற்காதீர்கள். செல்போன் தானாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும். அடி விழுந்ததும் எல்லாவற்றையும் அமுக்கும், இடைவெளியில் இரைச்சலைத் தூக்கிவிடும். திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். 3 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்கு நகர்ந்தால் 12 டெசிபல் இறங்கி, பாடுபவரின் குரலும் வாத்தியமும் சமமாகக் கேட்கும். மைக் செட்டின் குழாய் ஸ்பீக்கருக்கு நேர் எதிரேயும் வேண்டாம், அது தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும். வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

காவேரிப்பட்டணத்து வாசகருக்கு: உங்களுக்கு வந்தது உரிமைக் கோரல். சேனலுக்கான எச்சரிக்கை வேறு, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும், விளம்பர வருமானம் இருந்தால் அது உரிமையாளருக்குப் போகும். யூடியூப் ஸ்டுடியோவில் அந்தப் பத்துப் பன்னிரண்டு விநாடியை வெட்டலாம், அல்லது பாட்டை மட்டும் நீக்கும் வசதியை முயலலாம். ஆட்சேபம் தெரிவித்தால் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். எதைச் செய்தாலும் வெட்டாத மூலக் கோப்பை, பம்பைக்காரர்களின் பெயரை எழுதி வைத்து, தனியாக ஒரு பென்டிரைவில் போட்டுவிடுங்கள்.