நோ-ஃபால்ட் ஸ்டாண்ட் டவுன்: சொல் விளக்கம்

ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் வீரர் ஒருவர் மீது கடுமையான குற்ற வழக்குப் பதிவானால், அன்றைய செய்தியிலேயே வந்துவிடும் சொல் ‘ஸ்டாண்ட் டவுன்’. முழுப்பெயர் ‘நோ-ஃபால்ட் ஸ்டாண்ட் டவுன்’. தமிழில் இதை ‘நீக்கம்’, ‘தடை’, ‘சஸ்பெண்ட்’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். மூன்றுமே பொருந்தாது. எழுதுபவர் அறியாமலேயே தீர்ப்பு சொல்லிவிடுகிற சொற்கள் அவை. நீதிமன்றம் வாய் திறப்பதற்கு முன்பே தலைப்புச் செய்தி ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. புகார் கொடுத்தவர் சொல்வது பொய் என்ற தொனியும் அதில் வரக் கூடாது. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பொருள். ஸ்டாண்ட் டவுன் செய்யப்பட்ட வீரர் வழக்கு முடியும்வரை போட்டியில் இறங்க முடியாது. ஆனால் கிளப்போடு உள்ள ஒப்பந்தம் அப்படியே இருக்கும். சம்பளம் முழுதாக வரும். அணியோடு சேர்ந்து பயிற்சி செய்யலாம். அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பது பற்றி லீக் எதுவும் சொல்வதில்லை. ‘நோ-ஃபால்ட்’ என்ற முன்னொட்டு சொல்வது இதைத்தான்.

இந்த விதி பிறந்தது 2019 தொடக்கத்தில். என்.ஆர்.எல். எனப்படும் தேசிய ரக்பி லீக்கின் ஆட்டங்கள் மார்ச்சில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தில் முடியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஓய்வுக்காலம்; அங்கே அது கோடை. 2018-19 கோடையில் அடுத்தடுத்துப் பல வீரர்கள் மீது வழக்குகள் வந்தன. பெண்கள் மீதான வன்முறை, அந்தரங்கக் காட்சிகளை அனுமதியில்லாமல் பதிவு செய்தது என்று பல வகைக் குற்றச்சாட்டுகள். அங்குள்ள பத்திரிகைகள் அதை ‘நரகக் கோடை’ என்றே எழுதின. பிப்ரவரி 28 அன்று ஆட்டத்தை நிர்வகிக்கும் ஆணையத்தின் தலைவர் பீட்டர் பீட்டியும் லீக்கின் தலைமை நிர்வாகி டாட் கிரீன்பெர்க்கும் புது விதியை அறிவித்தார்கள். அதிகபட்சமாக 11 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்பட்டால், ஸ்டாண்ட் டவுன் தானாகவே நடக்கும். அதற்குக் குறைந்த குற்றமானால், குறிப்பாகப் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்டதானால், தலைமை நிர்வாகி தம் விருப்புரிமையில் முடிவெடுக்கலாம்.

இங்கே ‘குற்றம் சாட்டப்பட்டால்’ என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு வாசகருக்கு வழக்கு என்றால் முதல் தகவல் அறிக்கை, அப்புறம் விசாரணை, அப்புறம் குற்றப்பத்திரிகை, கடைசியில் நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைவது என்ற வரிசைதான் மனதில் இருக்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் போலீசாரே பெரும்பாலும் கைதான கையோடு ‘சார்ஜ்’ செய்துவிடுகிறார்கள். அது நம் முதல் தகவல் அறிக்கையைவிடக் கனமானது, நீதிமன்றம் வனையும் குற்றச்சாட்டைவிட முந்தையது. அதைக் ‘குற்றப்பத்திரிகை தாக்கல்’ என்று மொழிபெயர்ப்பது பிழை. ‘போலீசார் குற்றம் சாட்டினர்’ என்றாலே போதும். புகார் வந்தது, விசாரணை நடக்கிறது என்பதற்காக மட்டும் இந்த விதி தானாகப் பாயாது. போலீஸ் முறைப்படி குற்றம் சாட்டும் அந்தப் புள்ளியில்தான் பாய்கிறது.

விதி முதலில் பாய்ந்தது ஜாக் டி பெலின் மீது. செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா டிராகன்ஸ் அணிக்காரர், மாநில அணிகள் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரில் 2018 இல் நியூ சவுத் வேல்ஸுக்கு ஆடியவர். 2018 டிசம்பரில் அவர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் சாட்டப்பட்டது. அவர் மறுத்தார். தன் மீது குற்றம் சாட்டப்பட்ட பிறகு கொண்டுவந்த விதியால் தன் தொழிலைத் தடுக்கிறார்கள் என்று கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். 2019 மே மாதம் நீதிபதி மெலிசா பெரி அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தார். லீக்கின் நியாயமான நலன்களுக்கு நேரடியான ஆபத்து இருந்தது, அதைச் சமாளிக்க இந்தக் கட்டுப்பாடு ஏற்கத்தக்கதே என்பது தீர்ப்பின் சாரம். டி பெலின் குற்றவாளியா என்ற கேள்வி அந்த நீதிமன்றத்தின் முன் இல்லவே இல்லை.

அந்தக் கேள்வி ஜூரியின் முன் போக 2020 நவம்பர் ஆனது. அந்த ஜூரியால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. 2021 இல் இரண்டாவது விசாரணை. ஒரு குற்றச்சாட்டில் அவர் குற்றவாளி அல்ல என்றது ஜூரி, மற்றவற்றில் மறுபடியும் முடிவுக்கு வர முடியவில்லை. மே மாத இறுதிக்குள் அரசுத் தரப்பு மீதிக் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டது. ஜூனில் அவர் களத்துக்குத் திரும்பினார். இதை ‘அனைத்திலிருந்தும் விடுதலை’ என்று எழுதுவதும் முழுச் சரியில்லை. ஒன்றில் விடுதலை, மற்றவை கைவிடப்பட்டன. சட்டத்தின் பார்வையில் அவர் குற்றமற்றவர். ஆனால் இரண்டு முழுப் பருவங்கள் போய்விட்டன. முப்பது வயதைத் தாண்டினால் உடம்பு ஒத்துழைக்குமா என்று தெரியாத ஆட்டம் இது. முழுச் சம்பளம் வந்தாலும் அந்த இழப்பு சின்னதல்ல. வீரர்கள் சங்கம் இந்த விதியை எதிர்த்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனாலும் விதி வேண்டும் என்பதே என் கருத்து. பெண் ஒருவர் புகார் கொடுத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவரை ஒவ்வொரு வாரமும் தொலைக்காட்சியில் நாயகனாகக் காட்டுவதும் ஒரு பக்கச் சார்புதான்.

விதி வந்த 2019 இலேயே வேறு இருவர் தலைமை நிர்வாகியின் விருப்புரிமையின் கீழ் ஸ்டாண்ட் டவுன் செய்யப்பட்டார்கள். மேன்லி அணியின் டிலன் வாக்கர் மீதான குற்றச்சாட்டுகளை நீதிமன்றம் மே மாதம் தள்ளுபடி செய்தது, அவர் ஆட வந்துவிட்டார். பென்ரித் அணியின் டைரோன் மே என்ற வீரர் 2019 பருவம் முழுக்க வெளியே இருந்தார், கடைசியில் அந்தரங்கக் காட்சிகளை அனுமதியின்றிப் பதிவு செய்ததை ஒப்புக்கொண்டார். இருவர் மீதும் மார்ச் மாதத்தில் ஒட்டியிருந்த சொல் ஒன்றே. நாம் தேர்ந்தெடுக்கும் தமிழ்ச் சொல் இந்த இருவருக்கும் ஒரே அளவில் பொருந்தியாக வேண்டும். ‘நீக்கம்’ வாக்கருக்கு அநியாயம். ‘ஓய்வு’ என்று எழுதினால் மறுபக்கத்துக்கு அநியாயம்.

இனி வேர். ஆங்கிலத்தில் ‘ஸ்டாண்ட் டவுன்’ முதலில் நீதிமன்றச் சொல். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சாட்சி சொல்லி முடித்தவரைக் கூண்டிலிருந்து இறங்கச் சொல்லும் சொல்லாக இருந்தது. முதல் உலகப் போரில் அது படைச் சொல்லானது. விடியலிலும் அந்தியிலும் எதிரி தாக்கக்கூடும் என்று பதுங்குகுழிகளில் துப்பாக்கியோடு தயாராக நிற்பது ‘ஸ்டாண்ட் டூ’. ஆபத்து நேரம் கடந்ததும் வரும் கட்டளை ‘ஸ்டாண்ட் டவுன்’. சிப்பாய் படையிலிருந்து போய்விடவில்லை, அவருடைய அந்த நேரத்துக் கடமைதான் முடிந்தது.

ஆஸ்திரேலியத் தொழிலாளர் சட்டத்தில் இதே சொல் இன்னொரு பொருளில் வேரூன்றியிருக்கிறது. வேலைநிறுத்தம், இயந்திரப் பழுது போன்ற, முதலாளி பொறுப்பேற்க முடியாத காரணத்தால் வேலை கொடுக்க முடியாமல் போனால் ஊழியரை ஸ்டாண்ட் டவுன் செய்யலாம் என்கிறது 2009ஆம் ஆண்டின் ஃபேர் வொர்க் சட்டம். வேலை பறிபோகாது, ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளமும் கிடையாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது குவான்டாஸ் சுமார் 20,000 ஊழியர்களை இப்படித்தான் வீட்டில் உட்கார வைத்தது. ஆக, ஒரே நாட்டில் ஒரே சொல், விமான நிலைய ஊழியருக்குச் சம்பளமில்லாத காத்திருப்பு, ரக்பி வீரருக்கு முழுச் சம்பளத்தோடு காத்திருப்பு. செய்தி எழுதும்போது ‘முழுச் சம்பளத்துடன்’ என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டால் வாசகர் தவறாகவே புரிந்துகொள்வார். ரக்பி லீக் என்ற ஆட்டமே 1895 இல் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு சம்பளத் தகராறில்தான் பிறந்தது. ஆட வருவதால் ஆலைத் தொழிலாளிகள் இழக்கும் கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்று வட இங்கிலாந்துக் கிளப்புகள் கேட்டன, ரக்பியின் மேலிடம் மறுத்தது, அவை பிரிந்துபோயின.

‘நோ-ஃபால்ட்’ காப்பீட்டிலிருந்தும் மணவிலக்குச் சட்டத்திலிருந்தும் வந்தது. விபத்தில் தவறு யார் மீது என்று ஆராயாமலே இழப்பீடு தருவது, கணவன் மனைவியில் யார் குற்றம் என்று நிரூபிக்கச் சொல்லாமலே மணவிலக்குத் தருவது. ஆஸ்திரேலியாவின் 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் இரண்டாவது வகை. அங்கெல்லாம் தவறு யாருடையது என்பதே தேவையில்லாத கேள்வி. ரக்பி விதியில் அப்படியல்ல. அந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது, வேறொரு இடத்தில் விடை தேடிக்கொண்டிருக்கிறது. இதைத் ‘தவறற்ற நீக்கம்’, ‘பிழையற்ற இடைநீக்கம்’ என்று எழுதினால், ஏதோ பிழையில்லாமல் செய்து முடித்த நீக்கம் என்று ஆகிவிடும்.

விதி வருவதற்கு முன் என்ன நடந்தது என்பதற்கு 2009 ஒரு சாட்சி. மேன்லி அணியின் பிரெட் ஸ்டூவர்ட் அந்தப் பருவத்தின் விளம்பர முகம். பருவத் தொடக்கத்தில் அவர் மீது பாலியல் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கைக் காரணம் காட்ட லீக்கிடம் விதி இல்லை. கிளப்பின் தொடக்க விழாவில் குடித்திருந்தார் என்று சொல்லி நான்கு ஆட்டங்கள் சஸ்பெண்ட் செய்தது. 2010 இல் ஜூரி அவரை விடுதலை செய்தது. ஆனால் ‘சஸ்பெண்ட்’ என்ற தண்டனைச் சொல் ஏற்கெனவே வழக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 2011 இறுதிப்போட்டியில் மேன்லி வென்ற பிறகு, மேடையிலேயே லீக்கின் தலைமை நிர்வாகி டேவிட் காலப்பிடம் மன்னிப்பு கேட்கச் சொல்லி அவர் முறையிட்டார். தண்டனையையும் காத்திருப்பையும் பிரிக்காமல் விட்டதன் விளைவு அது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘தடை’ என்பது ஊக்கமருந்து வழக்குகளுக்குப் பழகிப்போன சொல், குற்றம் உறுதியானபின் வருவது. ‘இடைநீக்கம்’ கிட்டத்தட்ட நெருங்குகிறது. நம் அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் இடைநீக்கம் செய்யப்பட்டதாகவே கருதப்படுவார், விதிப்படி அதுவும் தண்டனை அல்ல. ஆனால் அவருக்குக் கிடைப்பது பிழைப்பூதியம், முழுச் சம்பளம் இல்லை. அதோடு சொல்லுக்குள்ளேயே ‘நீக்கம்’ உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. கழுத்துக்கு மேலே தாக்கி ஆடிய வீரரை இரண்டு மூன்று ஆட்டங்களுக்கு விலக்கும் என்.ஆர்.எல். ஒழுங்கு விசாரணைக் குழுவின் பெயரே ‘ஜுடிஷியரி’. அதை ‘நீதித்துறை’ என்று எழுதி, கூடவே ‘இடைநீக்கம்’ என்றும் போட்டால், களத்தில் செய்த தப்பாட்டமும் நீதிமன்றத்தில் உள்ள குற்ற வழக்கும் ஒன்றாகக் கலந்துவிடும்.

சிட்னியில் பரமட்டாவை அடுத்த துங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் வாழும் ஈழத்தமிழர்கள் ‘இடைநிறுத்தம்’ என்பார்கள். அது இடைநீக்கத்தைவிட நல்ல சொல், நீக்கம் என்ற முள் அதில் இல்லை. ஆனால் பள்ளி மாணவர் முதல் அமைச்சர் வரை தண்டனையாக இடைநிறுத்தப்படுவதும் வழக்கத்தில் உண்டு. ‘கள விலக்கு’ என்றும் யோசிக்கலாம். சேர்த்து எழுதினால் ‘களவு’ முன்னால் வந்து நிற்கும், குற்றம் சாட்டப்பட்டவர் பற்றிய செய்தியில் அதைவிட மோசமான விபத்து வேண்டாம்.

நான் எடுத்துக்கொள்வது ‘நிறுத்திவைப்பு’. இதிலுள்ள ‘வை’ என்ற துணைவினை வேலையைச் செய்துவிடுகிறது. ஒத்தி வை, எடுத்து வை, சொல்லி வை என்றெல்லாம் சொல்லும்போது, பின்னால் வரப்போகும் ஏதோ ஒன்றை எண்ணித்தான் செய்கிறோம். தண்டனையை உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது என்றால் மேல்முறையீடு முடியும்வரை என்று எல்லோருக்கும் புரியும். ‘நிறுத்தினார்கள்’ என்றால் கதை முடிந்தது. ‘நிறுத்தி வைத்தார்கள்’ என்றால் இன்னும் பாக்கி இருக்கிறது. ‘நோ-ஃபால்ட்’ என்பதற்குக் ‘குற்றம் கருதா’. பயன் கருதா உழைப்பு, லாபம் கருதாச் சேவை என்று நாம் எழுதுவதுண்டு. பயன் இல்லை என்று அங்கே பொருளில்லை, அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் பொருள். அப்படியே குற்றம் உண்டா இல்லையா என்பதைக் கணக்கில் எடுக்காத நிறுத்திவைப்பு, ‘குற்றம் கருதா நிறுத்திவைப்பு’. செய்தியில் முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் ‘நிறுத்திவைப்பு’ என்று மட்டும் எழுதலாம்.

எழுதும் விதம் இப்படி இருக்கலாம்: ‘போலீசார் குற்றம் சாட்டியதை அடுத்து, வழக்கு முடியும்வரை அவர் முழுச் சம்பளத்துடன் ஆட்டத்திலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டுள்ளார். குற்றச்சாட்டை அவர் மறுத்துள்ளார்.’ வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தால் ‘நிறுத்திவைப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது’ என்று எழுதலாம். ‘தடை நீங்கியது’ வேண்டாம், தடை என்று ஒன்று இருந்ததே இல்லை. குற்றம் உறுதியாகி லீக் பதிவை ரத்து செய்தால், அல்லது கிளப் ஒப்பந்தத்தை முறித்தால், ‘நீக்கம்’ என்ற சொல்லுக்கு அப்போதுதான் இடம்.