101ஆவது மாணவர் சேர்ந்ததும்: சந்தா பில் மென்பொருளுக்குள் விலை எப்படி வேலை செய்கிறது

இலங்கையில் வீட்டுக்கு வரும் மின்சார பில்லை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஓர் அட்டவணை. 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறோர் அட்டவணை. அதற்குள் 61 முதல் 90 வரை, 91 முதல் 120 வரை, 121 முதல் 180 வரை, 180க்கு மேல் என்று படிகள். ஒவ்வொரு படிக்குள்ளும் எரித்த அலகுகளுக்கு அந்தந்தப் படியின் விலைதான். நிலையான கட்டணம் மட்டும், கடைசியாக எந்தப் படியில் நின்றீர்கள் என்பதைப் பார்த்து ஒரே தொகையாக விழும். மானி பார்ப்பவர் 30 நாளில் வராமல் 33ஆம் நாள் வந்தால் படிகளும் அதே விகிதத்தில் அகலும். 60 அலகுப் படி 66 ஆகும்.

சந்தா பில் மென்பொருளில், அதாவது வாடிக்கையாளர்களுக்கு மாதாமாதம் தானாகப் பில் போடும் மென்பொருளில், விலை அமைக்கும்போது தலையிடி தரும் விடயங்களில் பாதி இந்த ஒரு தாளிலேயே இருக்கிறது. மென்பொருளைப் பொறுத்தவரை விலை ஒரு விதி. பாவித்த அளவையும் காலத்தையும் கொடுத்தால் அது ஒரு தொகையைத் திருப்பித் தரவேண்டும். அந்த விதியை அரைகுறையாக எழுதி வைத்தால் மென்பொருள் பிழையைக் காட்டி நிற்காது. மாதாமாதம் அமைதியாகப் பிழையான பில்லை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து ரியூட்டரிகளுக்கு (தனியார் வகுப்பு நிலையங்களுக்கு) வரவுப் பதிவு, கட்டண வசூல், பெற்றோருக்குக் குறுஞ்செய்தி ஆகிய மூன்றையும் செய்யும் மென்பொருள் ஒன்று மாதச் சந்தாவுக்குக் கொடுக்கப்படுகிறது. விலைப்பட்டியல் இப்படி: 1 முதல் 100 மாணவர் வரை தலைக்கு 40 ரூபாய், 101 முதல் 300 வரை 30 ரூபாய், அதற்கு மேல் 20 ரூபாய். வாசிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 101ஆவது மாணவர் சேர்ந்ததும் பில் எவ்வளவு?

இரண்டு விடைகள் உண்டு. படிப்படியாகக் கணக்கிட்டால் முதல் 100 பேருக்கு 4,000, மிச்சம் ஒருவருக்கு 30, ஆக 4,030 ரூபாய். மொத்த வியாபாரிக் கணக்கில், அதாவது மூடையாக எடுத்தால் ஒவ்வொரு கிலோவுக்கும் விலை குறைவதுபோல், 101 பேருக்கும் தலா 30, ஆக 3,030 ரூபாய். ஒரே பட்டியல், ஒரே ரியூட்டரி, 1,000 ரூபாய் வித்தியாசம். பில் மென்பொருட்களில் இவை இரண்டும் பெரும்பாலும் ஒரே திரையில், பக்கத்துப் பக்கத்துத் தெரிவுகளாக இருக்கும். கை தவறி மாற்றி அழுத்துவது இந்தத் துறையின் மிகச் சாதாரணமான, மிகச் செலவான பிழை.

மொத்தக் கணக்கில் ஒரு குழியும் ஒளிந்திருக்கிறது. 100 மாணவருக்கு 4,000 ரூபாய். 101 மாணவருக்கு 3,030. ஆகவே 76 முதல் 100 மாணவர் வரை உள்ள எந்த ரியூட்டரிக்கும், 101 பேர் என்று பதிந்துவிடுவதே இலாபம், ஏனெனில் 76 பேருக்கே 3,040 ரூபாய் வந்துவிடுகிறது. அடுத்த எல்லையில் குழி இன்னும் ஆழம். 301 பேருக்கு 6,020 ரூபாய்தான்; 201 பேருக்கோ 6,030. 201க்கும் 300க்கும் இடையில் உள்ள எல்லோருக்கும் இல்லாத மாணவர்களைப் பதிவதற்கு நீங்களே காரணம் கொடுத்துவிட்டீர்கள். படிப்படிக் கணக்கில் இந்தக் குழி இல்லை. ஆள் கூடக் கூடப் பில்லும் கூடும். தலைக்கு விலை வைக்கும் சந்தாவுக்குப் படிப்படிக் கணக்கையே எடுங்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. மொத்தக் கணக்கு வேண்டியே வேண்டுமென்றால், எந்தத் தொகையும் முந்திய படியின் உச்சத் தொகைக்குக் கீழே போகாதபடி ஒரு தரை போட்டுவிடுங்கள்.

எல்லையை எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். ஒரு படி ‘100 வரை’, அடுத்தது ‘100 முதல்’ என்றிருந்தால் நூறாவது மாணவர் இரண்டிலும் விழுவார். ‘100 வரை’, ‘101 முதல்’ என்பது மாணவர்களுக்குச் சரி. அதையே சேமிப்பு இடத்தின் ஜிகாபைற்றுக்குப் போட்டால் 100.5 எந்தப் படியிலும் இல்லாமல் இலவசமாகிவிடும். ஆகவே மேல் எல்லையை மட்டும் தரவுத்தளத்தில் வைத்து, ‘அதற்கு மேற்பட்டது அடுத்த படி’ என்று விதியை எழுதுவதே பாதுகாப்பு.

அடுத்தது, எதை எண்ணுகிறோம் என்ற கேள்வி. மாணவர் தொகை மாதம் முழுக்க ஒரேயளவாக இருப்பதில்லை. உயர்தரப் பிரிவு ஒன்று 20ஆம் திகதியோடு முடிந்து, 250 பேர் 160 ஆகிறார்கள் என்று வையுங்கள். மாதத்தின் உச்சத்தை எடுத்தால் பில் 8,500 ரூபாய். கடைசி நாள் தொகையை எடுத்தால் 5,800. 20 நாள் 250, 10 நாள் 160 என்று சராசரி எடுத்தால் 220 மாணவர், 7,600 ரூபாய். கடைசி நாளை எண்ணும் முறை எழுத இலகு. ஆனால் 29ஆம் திகதி பெயர்களை நீக்கி 1ஆம் திகதி திரும்பச் சேர்ப்பவர்களை அதனால் தடுக்க முடியாது. சராசரிதான் நியாயமானது. அதைத் தெரிவுசெய்தால் பில்லின் பின்பக்கத்தில் நாளாந்த மாணவர் தொகையையும் அச்சிடவேண்டும். தானே கூட்டிப் பார்த்துச் சரிபிடிக்க முடியாத பில்லை எவரும் நம்பிக் கட்டமாட்டார்.

குறுஞ்செய்தி விடயம் தமிழுக்கே உரிய சிக்கல். கைபேசி வலையமைப்பு செய்தியைத் துண்டு துண்டாகவே எண்ணும். வெறும் ஆங்கில எழுத்தென்றால் ஒரு துண்டில் 160 இடம். தமிழென்றால் 70 இடம். ஒரு துண்டுக்குள் அடங்காவிட்டால், துண்டுகளைத் திரும்ப ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் போய், துண்டுக்கு 67 இடமே மிஞ்சும். இதில் மெய்யின் புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி இடம். ‘யாழ்ப்பாணம்’ கண்ணுக்கு 6 எழுத்து, வலையமைப்புக்கு 11. ‘உங்கள் பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை’ என்ற வாக்கியம் இடைவெளிகளோடு நமக்கு 25, அங்கே 40. இதோடு மாணவர் பெயர், திகதி, ரியூட்டரியின் பெயர் மூன்றும் சேர்ந்தால் 70ஐத் தாண்டுவது நிச்சயம். ஆங்கில வாக்கியத்துக்கு நடுவே பெயரை மட்டும் தமிழில் போட்டாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். ‘ஒரு செய்திக்கு இவ்வளவு’ என்று விலை அமைத்தவர் ஆயிரம் செய்திக்குக் காசு வாங்கி, இரண்டாயிரம் துண்டுக்குக் கட்டுவார். அளவீட்டு அலகைத் ‘துண்டு’ என்றே அமையுங்கள். அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் துண்டு எண்ணிக்கையையும் காட்டுங்கள்.

அளவீட்டுப் பதிவு, அதாவது ‘ஒரு துண்டு அனுப்பப்பட்டது’ போன்ற பாவனைக் குறிப்பு, ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் கட்டாயம் வேண்டும். இணைப்பு நடுவில் அறுந்தால், அனுப்பும் கணினி பதில் வராததால் அதே பதிவைத் திரும்பவும் அனுப்பும். அடையாள எண் இருந்தால் இரண்டாவது தள்ளப்படும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் இரண்டு முறை கட்டுவார். கரண்ட் போய் ஒரு நாள் பிந்தி வரும் பதிவுகளுக்காக, மாதம் முடிந்த உடனேயே பில்லை மூடாமல் ஒன்றிரண்டு நாள் திறந்து வைப்பது வழக்கம்.

இனிக் காலம். 3,000 ரூபாய்த் திட்டத்தில் இருப்பவர் 30 நாள் மாதத்தின் 16ஆம் திகதி 6,000 ரூபாய்த் திட்டத்துக்கு மாறுகிறார். அந்த நாளையும் சேர்த்து 15 நாள் மிச்சம். பழைய திட்டத்துக்கு 1,500 வரவு, புதியதற்கு 3,000 பற்று, கட்டவேண்டியது 1,500. கணக்கு சுலபம். ஆனால் 31 நாள் மாதத்தில் 3,000ஐ 31ஆல் பிரித்தால் 96.774 என்று நீளும். அதை 96.77 ஆக வெட்டி வைத்துக்கொண்டு 31ஆல் பெருக்கினால் 2,999.87. 13 சதம் காணாமல் போகிறது. முதலில் பெருக்கி, பிறகு பிரித்து, கடைசியில் ஒரே ஒருமுறை முழுமையாக்கவேண்டும். தொகைகளைச் சதத்தில், முழு எண்ணாகவே சேமியுங்கள். இரும எண்ணில் இயங்கும் கணினிக்கு 0.1ஐயும் 0.2ஐயும் மிதவைத் தசமமாக, அதாவது புள்ளி வைத்த எண்ணாக, கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 வரும்.

ஜனவரி 31 சேர்ந்தவருக்கு அடுத்த பில் பெப்ரவரி 28. அதற்கடுத்தது? முந்திய பில்லுக்கு ஒரு மாதம் கூட்டும் மென்பொருள் மார்ச் 28 என்னும்; அதன்பின் எல்லா மாதமும் 28தான். ‘31’ என்ற ஆரம்ப நாளைத் தனியே சேமித்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே கணக்கிட்டால் மார்ச் 31 சரியாக வரும். சேர்வர் கிறீன்விச் நேரத்தில் ஓடினால் இன்னொரு வழுக்கல்: நாம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. இங்கே பெப்ரவரி 1 அதிகாலை 3 மணிக்குச் செய்த பதிவு அங்கே ஜனவரி 31 இரவு 9.30. அந்த மாணவர் பழைய மாதத்துப் பில்லில் ஏறிவிடுவார்.

விலையை உயர்த்தும்போது பழைய விலையின் எண்ணை அழித்து எழுதுவது பெரிய தவறு. பழைய விலையை அப்படியே விட்டு, ஆரம்பத் திகதியோடு புதிய விலையொன்றை உருவாக்கவேண்டும். ஏற்கெனவே சேர்ந்தவர் பழையதிலேயே இருப்பார். அவரை மாற்றுவதென்றால் முன்கூட்டி அறிவித்து, திகதி குறித்து மாற்றலாம். வரிக்கும் இதே விதி. இலங்கையில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 2022 மே மாதத்தில் 8%. யூன் 1இல் 12%, செப்டெம்பர் 1இல் 15%, 2024 ஜனவரி 1இல் 18%. விகிதத்தை நிரலுக்குள் ஓர் எண்ணாக எழுதி வைத்திருந்தால், 2023இல் கொடுத்த பில்லை இன்று திரும்ப அச்சிடும்போது அதில் 18% வரும். கணக்காய்வாளர் முன் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. பில் உருவாகும் கணத்தில் அலகு விலை, அளவு, வரி விகிதம் எல்லாவற்றையும் அந்த பில்லிலேயே எழுதி உறைய வைக்கவேண்டும். வரி உட்பட 1,180 ரூபாய் என்றால் வரி 180. 1,180இல் 18% எடுத்து 212.40 என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை. 1.18ஆல் பிரித்து அடிவிலையை எடுத்தபின்பே வரி.

கழிவுகளுக்கு வரிசை குறியுங்கள். 4,030 ரூபாயில் முதலில் 10% கழித்துப் பிறகு 500 கழித்தால் 3,127. மாற்றிச் செய்தால் 3,177.

எல்லாம் அமைத்தபின் சோதனைக்கு 0, 1, 100, 101, 300, 301 மாணவர் கொண்ட ஆறு பொய்க் கணக்குகளைத் திறந்து, தொகைகளை முதலில் தாளில் கையால் எழுதி வையுங்கள். மென்பொருளின் மணிக்கூட்டை ஒரு வருடம் முன்னே ஓட்டி, 31ஆம் திகதிச் சந்தாவொன்று பெப்ரவரியைக் கடப்பதைப் பாருங்கள். பிறகு ஒரு முழு மாதம் பழைய முறையையும் புதியதையும் அருகருகே ஓடவிட்டு, பணம் அறவிடாமல், ஒவ்வொரு வாடிக்கையாளரின் இரண்டு தொகைகளையும் ஒப்பிடுங்கள். ஆயிரம் ரூபாய் வித்தியாசம் கண்ணில் உடனே படும். ஒரு சத வித்தியாசம் வரும் பில்களைத்தான் முதலில் திறந்து பார்க்கவேண்டும்.